கொடநாடு பங்களா 2017: காணாமல் போனது என்ன என்பதை எதை வைத்துச் சொன்னார்கள்?

மலைச்சாரல்:
இந்த வழக்கைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே "யார் அனுப்பினார்கள்" என்பதில் போய் நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் பதில் வரவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. என்ன போனது?

தெரிந்ததை முதலில் வைக்கிறேன். 2017 ஏப்ரல் 23 இரவு, விடிந்தால் 24. கோத்தகிரிப் பக்கம், ஜெயலலிதா வந்து தங்கிய கொடநாடு எஸ்டேட்டுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. காவலாளி ஒருவர் கொல்லப்பட்டார், இன்னொருவர் காயத்தோடு உயிர் தப்பினார். சோலூர்மட்டம் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. பணமும் நகையும் குவிந்து கிடக்கும் என்று நம்பி ஜெயலலிதாவின் முன்னாள் ஓட்டுநர் ஆள் சேர்த்தார், உள்ளே அப்படி ஒன்றும் இல்லை, சில கைக்கடிகாரங்களையும் ஒரு பளிங்கு காண்டாமிருகப் பொம்மையையும் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது போலீஸ் தரப்பு. அந்த ஓட்டுநர்தான் வழக்கில் முதல் எதிரி, அதாவது முதல் குற்றஞ்சாட்டப்பட்டவர். ஏப்ரல் 28-இல் சேலம் மாவட்டம் ஆத்தூரில் சாலை விபத்தில் இறந்தார். மறுநாள் பாலக்காடு அருகே கண்ணாடி என்ற ஊரில் இரண்டாம் எதிரியின் கார் விபத்துக்குள்ளாகி மனைவியும் மகளும் இறந்தார்கள், அவர் பிழைத்தார். ஜூலை 3-இல் எஸ்டேட்டின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் இறந்தார், தற்கொலை என்று பதிவு.

ஒரு உயிரைப் பறித்துவிட்டு, பத்துப் பேருக்கு மேல் மலையேறி வந்து, கைக்கடிகாரமும் பொம்மையும்தானா என்பதுதான் 2017-இலிருந்து ஊர் கேட்கும் கேள்வி. கேள்வி நியாயமானது. கைக்கடிகாரமும் பொம்மையும் "மட்டும்தான்" போனது என்று சொல்ல எந்தத் தாள் ஆதாரம்? அதைப் பேசுவோம்.

எதிர்க்கட்சி:
மலைச்சாரல், கேள்வியே கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. பொருளின் மதிப்பை வைத்து நோக்கத்தை அளக்கக் கூடாது. பெரிய இடம், பெரிய பேர், "உள்ளே கோடி கோடியாக இருக்கு" என்ற வாய்ப்பேச்சு. அதை நம்பிப் போகும் கும்பலுக்கு உள்ளே ஒன்றும் கிடைக்காவிட்டால் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடும். ஆளைக் கட்டிப்போட்டு வாயில் துணியை அடைத்தால் கொல்லும் எண்ணம் இல்லாமலே மூச்சடைத்துச் சாவு நடக்கும். கூட்டுக்கொள்ளை வழக்குகளில் இது புதிதே இல்லை. அதனால்தான் பழைய தண்டனைச் சட்டத்தில் 396 என்று தனிப் பிரிவே இருந்தது. கும்பலில் ஒருவன் கொன்றாலும் அத்தனை பேரும் பொறுப்பு.

போலீஸ் சொன்ன கதை நடந்திருக்க முடியாத கதை இல்லை. அதைத் தள்ளிவிட்டு வேறு கதையை வைப்பவர்கள்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

கேஸ்கட்டு:
இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறீர்கள். "நடந்திருக்கலாம்" வேறு, "நடந்தது என்று காட்டியாயிற்று" வேறு.

வீடு புகுந்த வழக்கில் களவு போன பொருளை நிறுவும் வழி மூன்று தாள்கள். ஒன்று புகார். வீட்டுக்காரர் "பீரோவில் இன்னின்னது இருந்தது, இப்போது இல்லை" என்று எழுதித் தருவது. இரண்டு, பார்வை மகஜர். விசாரணை அதிகாரி போனபோது எந்தக் கதவு எப்படி இருந்தது, எந்த அறையில் எது கலைந்து கிடந்தது என்று இரண்டு சாட்சிகள் முன்னால் எழுதி, கூடவே மாதிரி வரைபடமும் போடுவது. மூன்று, கைப்பற்றுதல் மகஜர். எதிரிகளிடமிருந்து எடுத்தது.

சாதாரண வீட்டில் முதல் தாளும் மூன்றாம் தாளும் ஒன்றுக்கொன்று சரி பார்க்கப்படும். பத்து சவரன் போனது என்று புகார், ஆறு சவரன் கிடைத்தது, நாலு எங்கே என்று கோர்ட்டில் கேட்பார்கள். கொடநாட்டில் முதல் தாளைத் தருவதற்கு ஆள் யார்? ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-இல் இறந்துவிட்டார். அந்த வீட்டில் உரிமையோடு வந்து தங்கிய சசிகலாவும் இளவரசியும் 2017 பிப்ரவரியிலிருந்து பரப்பன அக்ரஹாரா சிறையில். வாசலில் நின்ற காவலாளிக்கு உள் அறை அலமாரியில் என்ன இருந்தது என்று தெரிய வழியில்லை. எஸ்டேட் நிர்வாகத்தில் இருப்பவருக்குத் தேயிலைக் கணக்கு தெரியும், பங்களாச் சாமான் பாதி தெரியும். பூட்டிய பெட்டிக்குள் இருந்த காகிதம் தெரியுமா?

ஆக, "இவ்வளவுதான் போனது" என்ற வாக்கியம் மூன்றாம் தாளிலிருந்து பின்னோக்கி எழுதப்பட்டதாகிவிடுகிறது. பிடிபட்டவர்கள் எதை எடுத்ததாகச் சொன்னார்களோ அதுதான் களவு போனது. இது சதி என்று நான் சொல்லவில்லை. கணக்குப் புத்தகமே இல்லாத கடையில் இருப்பு எடுப்பது போன்றது.

சசிகலாவிடம் போலீஸ் போய்க் கேட்டது 2022 ஏப்ரலில், சென்னையில். சம்பவம் நடந்து ஐந்து வருடம் கழித்து. வீட்டுக்குள் என்ன இருந்தது என்று சொல்லக்கூடியவரைச் சிறையிலேயே அனுமதி வாங்கி முதல் மாதத்தில் கேட்டிருக்கலாம். சிறையில் இருப்பவரைச் சாட்சியாக விசாரிக்க நீதிமன்ற அனுமதி வாங்குவது வழக்கமான நடைமுறை. இந்த ஒரு தாமதத்துக்கு எந்தக் கட்சிக்காரர் வந்து பதில் சொன்னாலும் கேட்கத் தயார்.

தடயம்:
கேஸ்கட்டு சொன்ன இரண்டாம் தாளைப் பற்றி. பட்டியல் இல்லாத வீட்டில் அறையே பட்டியலாக இருக்கும், பார்க்கத் தெரிந்தால்.

கொடநாடு ஈரமும் மூடுபனியும் உள்ள இடம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் அறையில் மர அலமாரித் தட்டின் மேல் தூசியும் லேசான பூஞ்சையும் படிந்திருக்கும். அதன்மேல் ஒரு கோப்புக் கட்டு இருந்து, எடுக்கப்பட்டிருந்தால், அந்த இடம் மட்டும் செவ்வகமாகப் பளிச்சென்று இருக்கும். நீள அகலத்தை அளந்தால் அது நகைப்பெட்டியா, ஃபுல்ஸ்கேப் அளவுக் கட்டா, நாற்கால் பொம்மையா என்று சொல்லலாம். பொம்மை என்றால் அடிப்பாகத்தின் வடிவமே பதிந்திருக்கும். இதைப் படம் எடுக்க ஃபிளாஷை நேராகப் போடக்கூடாது, போட்டால் எல்லாம் வெளுத்துவிடும். டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்குக் கிடையாகப் பிடித்து, பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு, அளவுகோலை வைத்து எடுக்க வேண்டும். கைரேகைப் பொடி தூவுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். பொடி தூவினால் அந்த விளிம்பு போயிற்று. மோப்ப நாய், கைரேகைக்காரர், புகைப்படக்காரர் என்று யார் முதலில் உள்ளே போகிறார்கள் என்ற வரிசை தவறினால் திரும்பக் கிடைக்காத தடயம் இது.

அடுத்தது பூட்டு. நெம்பித் திறந்த பீரோவில் கதவு விளிம்பில் பெயிண்ட் உரிந்து, கம்பியின் முனை அகலத்துக்கு ஒரு பள்ளம் விழும். அந்தக் கம்பி பின்னால் கைப்பற்றப்பட்டால் இரண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் வைத்துப் பொருத்தலாம். சாவி போட்டுத் திறந்திருந்தால் வெளியே ஒரு கீறலும் இருக்காது. கள்ளச் சாவியா, கம்பியா என்பதற்குப் பூட்டைக் கழற்றி அறுத்து உள்ளே உள்ள லீவர்களையும் பின்களையும் பார்க்க வேண்டும். புதிய கீறல் பளபளக்கும், பழைய தேய்மானம் மங்கலாக இருக்கும். "பீரோ திறந்து கிடந்தது" என்று மகஜரில் ஒரே வரி இருந்தால் இதில் எதுவுமே மிஞ்சாது. பூட்டைக் கழற்றிக் கைப்பற்றினார்களா என்பதுதான் நான் முதலில் தேடும் வரி. எந்தப் பெட்டி சாவியால் திறக்கப்பட்டது என்று தெரிந்தால், உள்ளே விவரம் தெரிந்த ஆள் உண்டா என்ற கேள்விக்கு வாக்குமூலமே வேண்டாம்.

கைரேகையைப் பற்றி ஒரே வார்த்தை. பொருந்தவில்லை என்றால் ஆள் வரவில்லை என்று அர்த்தம் இல்லை. கையுறை, ஈரக் கை, துணி சுற்றிய கை, சொரசொரப்பான மரம், காரணம் எத்தனையோ. வேலைக்காரர்களின் ரேகையை எடுத்துக் கழிக்காமல் விட்டால் கிடைத்ததும் குழப்பம்தான்.

எதிர்க்கட்சி:
தடயம், இது நல்ல பதிவு. ஒன்று சேர்க்கிறேன். 2017 நவம்பர் 9-இல் வருமான வரித்துறை சசிகலா தரப்பினரின் பல இடங்களில் சோதனை போட்டபோது கொடநாடும் அதில் இருந்தது. அன்றைய வருமான வரிச் சட்டத்தின் 132-ஆம் பிரிவில் நடந்த சோதனைக்குப் பஞ்சநாமா, அதாவது சாட்சிகள் முன் எழுதும் பதிவு, உண்டு, கிடைத்த காகிதங்களுக்கும் மதிப்புள்ள பொருட்களுக்கும் தனித்தனி இணைப்புப் பட்டியல் உண்டு. கொள்ளை நடந்து ஆறரை மாதம் கழித்து அங்கே என்ன இருந்தது என்பதற்கு அது ஒரு பட்டியல்.

கேஸ்கட்டு:
சரியான இடத்தைப் பிடித்தீர்கள். ஆனால் அது ஒரு பக்கம்தான். "பின்னால் இருந்தது" தெரியும், "முன்னால் இருந்தது" தெரியாது. கழிக்க இரண்டு எண் வேண்டுமே. ஆனாலும் பயன் உண்டு. முக்கியமான காகிதங்கள் அன்றைக்கு அங்கேயே இருந்தன என்று அந்த இணைப்பில் வந்தால், ஏப்ரலில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள் என்ற வாதம் இளைக்கும். அந்தப் பக்கமும் யோசிக்கத்தான் வேண்டும்.

வாசகன்:
சிசிடிவி என்ன ஆனது? கரண்ட் இல்லை, கேமரா ஓடவில்லை என்றுதானே சொன்னார்கள்? கரண்ட் யார் நிறுத்தியது என்று இன்றைக்குக் கண்டுபிடிக்க முடியுமா?

ஃபீடர்லைன்:
வாசகன், இதில் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. ஊருக்கே கரண்ட் போனதா, அந்த வளாகத்துக்கு மட்டும் போனதா?

துணை மின் நிலையத்திலிருந்து ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்தான் 11 கேவி ஃபீடர். அது ஒவ்வொன்றுக்கும் மணிக்கு ஒரு முறை ஆம்பியர் குறிப்பார்கள். பிரேக்கர் விழுந்தால் விழுந்த நேரம், எந்த ரிலே காட்டியது, மீண்டும் ஏற்றிய நேரம், எல்லாம் தடைப் பதிவேட்டில் ஏறும். வேலைக்காக நிறுத்தினால் அதற்குத் தரும் அனுமதியான லைன் கிளியரின் எண் இருக்கும். ஆக ஃபீடரே நின்றிருந்தால் அது எழுத்தில் இருக்கும். ஒரு அதிகாரி சொல்லி நிறுத்தியிருந்தாலும் நேரம் மாட்டும்.

வளாகத்துக்கு மட்டும் என்றால் டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே உள்ள ஏ.பி. சுவிட்சை இறக்கியிருக்கலாம், அல்லது கீழே ஃபியூஸ் கட்டையை உருவியிருக்கலாம். இது துணை மின் நிலையப் பதிவேட்டில் தெரியவே தெரியாது. 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் ஓடினாலே 11 கேவி பக்கம் 5 ஆம்பியர் சொச்சம்தான். ஆளில்லாத பங்களா நடு ராத்திரியில் இழுப்பது அதில் சின்னத் துண்டு. முள் அசையாது. அதனால் "பதிவேட்டில் மின்தடை இல்லை" என்று பதில் வந்தால், கரண்ட் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே வைத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்பதற்கும் அதே பதில்தான் வரும்.

அதற்குச் சாட்சி மீட்டர். உயரழுத்த இணைப்பாகவோ, பெரிய சுமைக்கு வைக்கும் சி.டி. மீட்டராகவோ இருந்தால் சப்ளை போன நேரமும் வந்த நேரமும் மீட்டரிலேயே பதியும். அரை மணிக்கு ஒரு முறை சுமையும் பதியும், சுமார் 35 முதல் 45 நாள் வரை தங்கும். அதற்குள் சி.எம்.ஆர்.ஐ. என்ற மீட்டர் படிக்கும் கருவியால் இறக்கி எடுத்திருக்க வேண்டும். 2017 ஜூன் தாண்டினால் அந்தப் பதிவின்மேல் புதிய பதிவு ஏறியிருக்கும்.

டவர்12:
கேமராவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கரண்ட் போனால் கேமரா அந்த நொடியே நிற்க வேண்டியதில்லை. 600 விஏ யுபிஎஸ், 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, கேமராப் பதிவுப் பெட்டியான டிவிஆரும் எட்டுக் கேமராவும் சேர்ந்து 60 வாட் இழுத்தால் முக்கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது. அந்த முக்கால் மணி நேரப் பதிவு எங்கே?

டிவிஆருக்குள் இரண்டு வகைப் பதிவு உண்டு. ஒன்று வீடியோ. இன்னொன்று சிஸ்டம் லாக். கரண்ட் போய் அணைந்தால் "எதிர்பாராத நிறுத்தம்" என்று விழும். யாராவது மெனுவில் போய் நிறுத்தினால் எந்தப் பயனர் பெயரில், எத்தனை மணிக்கு என்று விழும். பதிவை மட்டும் நிறுத்தினால் அதற்குத் தனி வரி. ஹார்ட் டிஸ்க் பழுது என்றால் அதற்கும் வரி. ஆக "கேமரா ஓடவில்லை" என்பது ஒரு பதில் ஆகாது. எப்போதிலிருந்து ஓடவில்லை, எப்படி நின்றது என்று அந்தப் பெட்டியே சொல்லும். மூன்று மாதமாகவே பழுது என்றால் கும்பலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அன்று மாலை ஆறு மணிக்கு மெனு வழியாக நிறுத்தியது என்றால் கதையே வேறு.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, போலீஸ் வந்ததும் டிவிஆரைப் போட்டுப் பார்ப்பது. போட்டால் அது மறுபடி பதியத் தொடங்கிவிடும். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் வேகத்தில் எழுதினால் நாளைக்கு 43 ஜிபி. எட்டுக் கேமராவுக்கு 345 ஜிபி. 4 டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பிப் பழசின் மேல் எழுத ஆரம்பிக்கும். அழித்த பதிவுகூட மேலே எழுதாத வரைக்கும் மீட்க முடியும், எழுதியபின் முடியாது. மின்சாரத்தைப் பிடுங்கி, டிஸ்க்கைக் கழற்றி, சீல் வைத்து, டிஸ்க்கில் புதிதாக எதுவும் எழுதவிடாத கருவி வழியாகப் பிரதி எடுத்து, பிரதி மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பைக் குறித்து, டிவிஆர் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று மகஜரில் எழுத வேண்டும். கடிகார பேட்டரி தீர்ந்த டிவிஆர் வருடத்தையே தப்பாகக் காட்டும்.

அந்த அமைப்பைத் தெரிந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜூலை 3-இல் இல்லாமல் போனார். அவர் எப்படி இறந்தார் என்பதில் நான் ஊகம் எழுத மாட்டேன். ஏப்ரல் 24-க்கும் ஜூலை 3-க்கும் நடுவில் எழுபது நாள் இருந்தது. அவரிடம் பாஸ்வேர்டும் பயனர் பட்டியலும் கேட்டு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 161-இன்படி போலீஸ் பதியும் வாக்குமூலம் வாங்கினார்களா, அதில் இந்தக் கேள்விகள் இருந்தனவா என்பதுதான் என் கேள்வி.

மலைச்சாரல்:
செல்போன் பக்கம்? 2019 ஜனவரியில் டெல்லியில் வெளியான வீடியோவில் எதிரிகள் இருவர் ஆவணங்களுக்காகத்தான் போனோம் என்றார்கள், எடப்பாடி பழனிசாமி பெயரும் வந்தது, அவர் மறுத்தார். யார் யாரிடம் பேசினார்கள் என்பது போன் பதிவில் தெரிந்துவிடாதா?

டவர்12:
தேதியைக் கவனியுங்கள். அப்போதைய உரிம விதிப்படி தொலைபேசி நிறுவனங்கள் அழைப்புப் பதிவை வைத்திருக்க வேண்டியது குறைந்தது ஒரு வருடம். 2021 டிசம்பரில்தான் இரண்டு வருடமாக்கினார்கள். 2017 ஏப்ரல் பதிவுக்கு அந்தக் கெடு 2018 ஏப்ரலோடு தீர்ந்தது. வீடியோ வந்தது 2019 ஜனவரி. மேல் விசாரணை தொடங்கியது 2021 ஆகஸ்ட். புதிதாக ஒரு பெயர் வந்த நேரத்தில் அந்தப் பெயரின் எண்ணைச் சோதித்துப் பார்க்க நிறுவனத்திடம் பதிவு இருக்கும் என்று யாரும் உறுதியாக நம்ப முடியாது. 2017-இலேயே கேட்டு வாங்கிக் கட்டில் சேர்த்ததுதான் கைவசம் உள்ள சொத்து. இது குற்றம் சாட்டுபவருக்கும் நஷ்டம், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நஷ்டம். "நான் பேசவே இல்லை" என்று காட்டவும் அதே பதிவுதான் வேண்டும்.

2017-இல் செய்திருக்க வேண்டியது டவர் டம்ப். அதாவது அந்த நாலைந்து மணி நேரத்தில் அந்தக் கோபுரத்தில் தென்பட்ட எல்லா எண்களும். கொடநாடு, கோத்தகிரி, திரும்பிப் போன வழி என்று மூன்று இடத்து டம்பை வைத்துப் பொதுவான எண்ணை எடுத்தால் கும்பல் தானாக வெளியே வரும். பிடிபட்ட பத்துப் பேரின் எண்ணை மட்டும் வாங்கினால் பதினோராவது ஆள் எந்தக் காலத்திலும் தெரியமாட்டான்.

மலையில் ஒரு சிக்கலும் உண்டு. கொடநாடு மேட்டின் விளிம்பு. காட்சிமுனையில் நின்றால் கீழே தெங்குமரஹாடாவும் மாயாறும் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற தூரம் சிக்னலுக்கும் திறந்த வழி. மேட்டில் இருக்கும் போன் பக்கத்துக் கோபுரத்தை விட்டுச் சமவெளிக் கோபுரத்தைப் பிடிக்கலாம், ஜி.எஸ்.எம்.-இல் 35 கிலோமீட்டர் வரை கூட. வளைவில் திரும்பினால் உடனே வேறு செல். அதனால் "டவர் லொகேஷன் கொடநாடு இல்லை, ஆகவே ஆள் அங்கே இல்லை" என்ற வாதம் இந்த மலையில் எடுபடாது. நேர்மாறும் அப்படித்தான்.

இழைக் காப்பாளர்:
ஒரு குறிப்பு. மேலே பெயர் சொல்லப்பட்ட அரசியல்வாதிகள் யாருக்கும் எதிராக இந்த வழக்கில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. தன்னை இதில் தொடர்புபடுத்திப் பேசியதற்காகப் பழனிசாமி போட்ட வழக்கில், இறந்த ஓட்டுநரின் சகோதரர் 1.10 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுதும்போது இதை மனதில் வையுங்கள்.

எதிர்க்கட்சி:
அந்த வீடியோவைச் சட்டப்படி எங்கே வைப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஊரில் அதையே தீர்ப்பு மாதிரி பேசுகிறார்கள்.

கேஸ்கட்டு:
புதிய சட்டம் 2024 ஜூலையில் வருவதற்கு முன்பே வழக்கு நிலுவையில் இருந்ததால் பழைய சாட்சியச் சட்டம்தான். போலீஸிடம் தந்த ஒப்புதல் 25-ஆம் பிரிவில் அடிபடும். வீடியோ போலீஸிடம் தந்தது இல்லை, அதனால் அது நீதிமன்றத்துக்கு வெளியே தந்த ஒப்புதல். பேசியவருக்கு எதிராகப் பயன்படுத்தலாம். மின்னணுப் பதிவுக்கான 65பி சான்று வேண்டும், மூலப் பதிவு எந்தக் கருவியில் என்று காட்ட வேண்டும். மற்றவருக்கு எதிராக என்றால் 30-ஆம் பிரிவு. ஒரே வழக்கில் சேர்ந்து விசாரிக்கப்படும் எதிரிக்கு எதிராக மட்டும், அதுவும் துணைக்குத்தான். காஷ்மீரா சிங் வழக்கில் 1952-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மற்ற சாட்சியம் தனியே நின்றால் அதற்கு ஊன்றுகோலாக வைக்கலாம், அதையே தூணாக வைக்க முடியாது. எதிரியாகவே இல்லாதவருக்கு எதிராக 30 வேலை செய்யாது.

"முதல் எதிரி என்னிடம் இன்னார் அனுப்பியதாகச் சொன்னார்" என்பது இறந்தவர் சொன்னதைக் கேட்டவர் சொல்வது. இறந்தவர் கூற்றுகளுக்கான 32-ஆம் பிரிவிலும் வராது. அது மரண காரணத்தைப் பற்றிய பேச்சு இல்லையே.

தடயம்:
கேஸ்கட்டு, அங்கே கொஞ்சம் நிதானியுங்கள். நீங்கள் சொல்வது 32(1). 32(3) என்று ஒன்று இருக்கிறது. சொன்னவரையே குற்ற வழக்கில் மாட்டவைக்கும் கூற்று என்றால் அவர் இறந்தபின் அது ஏற்கத்தக்கது. "நான் கொள்ளையடிக்கப் போகிறேன், ஆள் சேர்" என்பது அவரையே மாட்டவைக்கும் கூற்றுதானே?

கேஸ்கட்டு:
ஏற்கிறேன், 32(3)-ஐ விட்டுவிட்டேன். அவரைச் சிக்கவைக்கும் பகுதி அந்தக் கதவால் உள்ளே வரலாம். "இன்னார் சொல்லித்தான்" என்று மூன்றாம் ஆளைச் சுட்டும் பகுதியும் அதே கதவால் நுழையுமா என்பதில்தான் சண்டை இருக்கும். அதற்கு 10-ஆம் பிரிவையும் காட்டுவார்கள். சதி நடந்துகொண்டிருந்தபோது, பொது நோக்கத்தைப் பற்றிக் கூட்டாளி சொன்னது மற்றக் கூட்டாளிக்கு எதிராகவும் சாட்சியம். ஆனால் அந்த மற்றவர் சதியில் இருந்தார் என்று நம்ப வேறு நியாயமான அடிப்படை முதலில் வேண்டும். சுற்றிச் சுற்றிப் போன் பதிவிலும் பணப் பட்டுவாடாவிலும்தான் வந்து நிற்கும்.

இன்னொரு முட்டுக்கட்டை. இதைச் சொல்லக்கூடியவர் எதிரிக் கூண்டில் இருக்கிறார். எதிரியைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது, அரசியல் சாசனம் 20(3). குற்றவியல் நடைமுறைச் சட்டம் 306-இல் மன்னிப்பு பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக, அதாவது அப்ரூவராக, மாறினால் கூண்டு மாறும். அப்போதும் அவர் சொல்வதை முக்கிய விவரங்களில் வேறு சாட்சியம் தாங்க வேண்டும்.

மலைச்சாரல்:
இரண்டு விபத்துகள்? அடுத்தடுத்த நாள். ஊர் சந்தேகப்பட்டதற்கு முதல் காரணமே அதுதான்.

எதிர்க்கட்சி:
சந்தேகம் வரும். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தற்செயல் என்றோ, இரண்டும் திட்டம் என்றோ மட்டும் பார்க்க வேண்டாம். போலீஸ் தேடும் ஆள் தூக்கமில்லாமல், பதற்றத்தோடு, நேரம் கெட்ட நேரத்தில் வண்டி ஓட்டுவான். விபத்து வாய்ப்பு சாதாரண ஆளைவிட அதிகம்.

தடயம்:
சரி, அதைச் சோதித்துப் பார்க்க வழி இருந்தது. மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் பிரேக் வேலை செய்ததா என்ற ஒரு வரியோடு விடக்கூடாது. ஆத்தூரில் ஓட்டுநர் ஓட்டிய பைக்கில் எந்த உயரத்தில் இடி விழுந்தது, காரின் எந்த மூலையில் பொருந்துகிறது, பெயிண்ட் ஒட்டல் எங்கே, ரோட்டில் பிரேக் தடம் உண்டா, இல்லையா. தடமே இல்லாவிட்டால் ஓட்டியவர் பிரேக் பிடிக்கவில்லை, அல்லது ஏ.பி.எஸ். வண்டி. ஹெட்லைட் பல்பின் இழை சூடாக இருக்கும்போது இடி விழுந்தால் இழை நீண்டு வளையும், அணைந்திருந்தால் நொறுங்கும். விளக்கு எரிந்ததா என்று அதைப் பார்த்தே சொல்லலாம். ஏர்பேக் உள்ள காராக இருந்தால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மோதலுக்கு முந்திய சில நொடிகளின் வேகம் தங்கியிருக்க வாய்ப்புண்டு. வண்டியை விடுவித்துவிட்டால் இதெல்லாம் பழைய இரும்புக் கடையில்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. ஆத்தூர் சாவு சேலம் மாவட்டக் கட்டில். கண்ணாடி விபத்து கேரளக் கட்டில். ஆபரேட்டர் சாவு நீலகிரியில் தற்கொலை, சந்தேக மரணங்களுக்கான 174 கட்டில். கொள்ளையும் கொலையும் சோலூர்மட்டத்துக் கட்டில். நாலு கட்டுகளையும் ஒரே மேசையில் பரப்பிப் படிக்க வேண்டிய பொறுப்பு முதல் நாளிலிருந்தே ஒரே அதிகாரியிடம் இருந்திருக்க வேண்டும். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது 2022-இல். ஆத்தூர் விபத்துச் சங்கிலியில் ஆதாரத்தை அழித்ததாக ஓட்டுநரின் சகோதரர் உட்பட இருவர் கைதானது 2021 அக்டோபரில். நாலரை வருடம் கழித்து.

வாசகன்:
ஆட்சி மாறினதால மறுவிசாரணை வந்தது, அதனால் அரசியல் என்கிறார்களே?

கேஸ்கட்டு:
வந்தது மறுவிசாரணை இல்லை, மேல் விசாரணை, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173(8). பெயர் மட்டும் வேறு என்று நினைக்காதீர்கள். வினய் தியாகி வழக்கில் 2012 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. மேல் விசாரணையில் பழைய குற்றப்பத்திரிகை அப்படியே இருக்கும், புதிதாகக் கிடைத்ததைச் சேர்ப்பார்கள். பழையதைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதற்கு உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோதான் உத்தரவிட முடியும். மேல் விசாரணையை நிறுத்தக் கேட்ட மனுவை 2021-இல் இரண்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. எனவே 2017 மகஜரில் விட்டுப்போன வரியை 2021 குழு புதிதாக எழுத முடியாது. பழைய ஓட்டைகளோடுதான் அவர்களும் ஓட்ட வேண்டும். எதிரிகள் தரப்பில் பழனிசாமி, சசிகலா உள்ளிட்டோரைச் சாட்சிகளாக விசாரிக்கக் கேட்டதில், மாவட்ட நீதிமன்றம் மறுத்ததை 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதுகூட எதிரிகள் பக்கத்திலிருந்து வந்த கோரிக்கை என்பதைக் கவனியுங்கள்.

வாசகன்:
நம்மைப் போன்றவர்கள் ஏதாவது ஒரு தாளையாவது கேட்டு வாங்க முடியுமா?

ஃபீடர்லைன்:
வழக்குக் கட்டைக் கேட்டால் தகவல் உரிமைச் சட்டம் 8(1)(எச்) காட்டி மறுப்பார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது, எப்படித் தடையாகும் என்று சொல்ல வேண்டும் என்று பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அந்த வழி நீளம். மின்வாரியத்திடம் கேளுங்கள், அது விசாரணைக் கட்டு இல்லை.

பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நீலகிரி மின் பகிர்மான வட்டப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் மின்தடை" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர அவருக்குக் கடமை இல்லை. ஆவணமாகக் கேளுங்கள்:

"23.04.2017 மாலை 6 மணி முதல் 24.04.2017 காலை 6 மணி வரை, கொடநாடு பகுதிக்கு மின்சாரம் வழங்கும் 11 கேவி ஃபீடரின் மணிவாரிச் சுமைக் குறிப்பேட்டின் நகல். அதே காலத்துக்கான மின்தடைப் பதிவேட்டின் நகல். லைன் கிளியர் வழங்கப்பட்டிருந்தால் அதன் நகல். 24.04.2017 முதல் 30.06.2017 வரை மேற்படி ஃபீடரில் உள்ள மின் இணைப்புகளின் மீட்டர் பதிவிறக்கம் எதையாவது காவல்துறை எழுத்தில் கேட்டிருந்தால் அக்கடிதத்தின் நகலும் பதிலின் நகலும். மேற்படிப் பதிவேடுகள் அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பு உத்தரவின் நகலும் தேதியும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "பதிவேடு இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், அழித்த தேதியைக் கேட்டால் தாள் தேட வேண்டிவரும். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வேறு அலுவலகம் என்று சொன்னால் 6(3)-இன்படி ஐந்து நாளில் அவர்களே அனுப்பி வைக்க வேண்டும், உங்களை அலைய விடக்கூடாது.

டவர்12:
அதில் நாலாவது வரிக்கு வரும் பதில்தான் எனக்கு வேண்டும். ஜூன் 2017-க்குள் மீட்டர் பதிவை யாராவது கேட்டார்களா, கேட்கவே இல்லையா. பதில் வந்ததும் இதே இழையில் நகலைப் போடுங்கள், வாசகன்.